கருநிலமும் வரிச் சலுகையும்

அரபு நாட்டுப் பாலையிலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்தவர்கள், புராத்து எனப்படும் யூப்ரடீஸ் ஆற்றை நெருங்கும்போது தொலைவில் ஒரு கருமையைக் கண்டனர். பேரீச்சந் தோப்புகளும் கோதுமை வயல்களும் அடர்ந்து, மணலின் வெளிறிய நிறத்துக்கு அப்பால் கறுத்துக் கிடந்த நிலப்பரப்பு அது. அதற்கு அவர்கள் 'ஸவாது' என்று பெயரிட்டனர். ஸவாது என்ற அரபுச் சொல்லுக்குக் கருமை என்பதே பொருள். இராக்கின் தென்பாதி முழுவதும், புராத்துக்கும் திஜ்லாவுக்கும் இடையிலும் அவற்றின் இரு மருங்கிலும் பரந்திருந்த அந்த விளைநிலத்தை, நாம் தமிழில் கருநிலம் என்றே அழைக்கலாம்.

கருநிலத்தின் கதையை இன்று எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருப்பவர்க்கு அரசு பணச் சலுகை தருவது இக்காலத்தில் பல நாடுகளில் காணப்படும் வழக்கம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1956-ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி வகுத்தது. நகரம் வளர வளர, அதன் ஓரத்து வயலின் சந்தை விலை ஏறுகிறது. விலை ஏற ஏற வரியும் ஏறுகிறது. உழுது பிழைப்பவன் வரி கட்ட இயலாமல் நிலத்தை மனைக்காரனிடம் விற்றுவிடுகிறான். இதைத் தடுக்க, நிலத்தின் சந்தை விலையைக் கணக்கில் கொள்ளாது, பயிரால் வரும் வருவாயை மட்டும் வைத்து வரி விதிப்பது என்று முடிவு செய்தனர். கலிபோர்னியா மாநிலம் 1965-இல் இயற்றிய சட்டத்தில், நிலத்தை வேறு வகைக்கு மாற்றுவதில்லை என்று பத்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொள்பவர்க்கே அந்தச் சலுகை என்று நிபந்தனை சேர்த்தனர். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானே ஓராண்டு நீளும். நியூயார்க் மாநிலத்துச் சபக் மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, 1970-களில், நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் உழவரிடமிருந்து விலைக்கு வாங்கத் தொடங்கியது. நிலம் உழவனுடையதாகவே இருக்கும். அதில் வீடு கட்டும் உரிமை மட்டும் அவனிடமிராது. அதற்கான தொகை அவன் கைக்கு வந்துவிடும்.

இவற்றைப் படிக்குந்தோறும் நம் நினைவு அபூ யூசுபின் கிதாபை நோக்கியும் யஹ்யா பின் ஆதமின் கிதாபை நோக்கியும் ஓடுகிறது. எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்தப் பழக்கம் நம் மேடைகளில் அளவுக்கு மேல் மலிந்துவிட்டது. கருநிலத்தில் சலுகை நிலத்தை வாழ வைத்தது. பின்னர் அதே சலுகை நிலத்தைத் தின்றும் தீர்த்தது. நம் முன்னோர் இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தனர். யாருக்குக் கொடுத்தபோது நிலம் பிழைத்தது, யாருக்குக் கொடுத்தபோது அழிந்தது என்பதே நாம் இங்கே பார்க்க விரும்புவது.

உமர் (ரலி) அவர்களின் முடிவு

காதிஸிய்யாப் போருக்குப் பின், கி.பி. 637-இல் மதாயின் நகரும் வீழ்ந்து, கருநிலம் முழுவதும் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. போரிட்டவர்கள், வென்ற பொருளைப் பங்கிடுவது போல் நிலத்தையும் தமக்குள் பங்கிட்டுத் தரவேண்டும் என்று கேட்டனர். கேட்டவர்கள் எளியவர்கள் அல்லர். பிலால் (ரலி) அவர்கள் அதில் மிகவும் உறுதியாக நின்றார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கருத்தும் அதுவே. கலீபா உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. அலி, உஸ்மான், தல்ஹா (ரலி) ஆகியோர் கலீபாவின் பக்கம் நின்றனர். அன்ஸாரிகளில் அவ்ஸ் குலத்தார் ஐவரையும் கஸ்ரஜ் குலத்தார் ஐவரையும் வரவழைத்துக் கலீபா கருத்துக் கேட்டார்கள். நாட்கணக்கில் வாதம் நடந்தது. இறுதியில், திருக்குர்ஆனின் அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் பின்னால் வரும் மக்களைப் பற்றிக் கூறும் வசனத்தை எடுத்துக்காட்டி, நிலத்தை இன்றிருப்பவர்க்குப் பங்கிட்டுவிட்டால் நாளை பிறப்பவர்க்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். அத்துடன் வாதம் முடிந்தது. நிலம் அதில் உழுதுகொண்டிருந்த பழைய குடிகளிடமே விடப்பட்டது. அவர்கள் கராஜ் என்னும் நிலவரி செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இம்முடிவின் அரசியல் பயனைப் பலரும் எழுதியுள்ளனர். நிலத்துக்கு விளைந்த பயனைக் கூறுவோர் குறைவு. வாளெடுத்துப் பழகிய கை அன்று வாய்க்கால் வெட்டத் தெரியாத கை. ஸாஸானியர் காலத்திலிருந்து கரை கட்டியும் மதகு திறந்தும் பழகிய குடியானவன் நிலத்தைவிட்டு அகன்றிருந்தால், இரண்டே வெள்ளத்தில் கருநிலம் சேறாகிப் போயிருக்கும்.

பிறகு அளவை நடந்தது. உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களும் ஹுதைஃபா (ரலி) அவர்களும் அதற்கு அனுப்பப்பட்டனர். உஸ்மான் பின் ஹுனைஃப் அவர்கள் அளந்து கண்ட கணக்கு 3 கோடியே 60 இலட்சம் ஜரீப் என்று நூல்கள் கூறுகின்றன. ஒரு ஜரீப் என்பது நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 40 சென்ட். நீர் எட்டும் ஒவ்வொரு ஜரீபுக்கும் ஒரு திர்ஹமும் ஒரு கபீஸ் தானியமும் வரி என்று ஓர் அறிவிப்பு உண்டு. கோதுமைக்கு 4 திர்ஹம், வாற்கோதுமைக்கு 2, திராட்சைக்கு 10 எனப் பயிர்வாரியாக விதித்ததாக மற்றோர் அறிவிப்பும் உண்டு.

முதல் அறிவிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீர் எட்டும் நிலமாயின், பயிரிட்டாலும் பயிரிடாவிட்டாலும் வரி உண்டு. ஆகவே தரிசாகப் போடுவது நட்டம், உழுவது இலாபம். கூடுதலாக விளைந்தால் கூடுதல் முழுவதும் உழுதவனுக்கே. வரி மாறாதிருப்பதே ஊக்கமாக அமைந்தது. ஆனால் அதே விதி, வெள்ளத்திலோ பஞ்சத்திலோ அகப்பட்டவனின் கழுத்தை நெரிக்கவும் கூடும். இதை உமர் (ரலி) அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியிலேயே சான்றுண்டு. ஹிஜ்ரி 23-இல், கத்திக்குத்துக்கு ஆளாவதற்குச் சில நாட்களுக்கு முன், அளவை செய்த அவ்விருவரையும் நிறுத்திவைத்து, நிலம் தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று கவலையுடன் கேட்டார்கள். தாங்கக்கூடியதையே விதித்தோம் என்று இருவரும் கூறினர். மீண்டும் ஒருமுறை பாருங்கள் என்றார்கள் கலீபா. மறுபடியும் அதே விடைதான் கிடைத்தது.

உழாதவனுக்கு உரிமையில்லை

நிலத்தைக் காப்பவர்க்குத் தரப்பட்ட முதற் சலுகை வரியில் தொடங்கியதன்று, உடைமையில் தொடங்கியது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அந்நிலம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. யாருக்கும் சொந்தமில்லாத பாழில் கிணறு வெட்டி, நீர் பாய்ச்சி, பயிரேற்றியவன் விலை கொடுக்காமலே உடைமையாளனாகிறான். அரசின் அனுமதி இதற்கு வேண்டும் என்றார் இமாம் அபூ ஹனீபா (ரஹ்). வேண்டுவதில்லை என்றனர் அவருடைய மாணவர் இருவரும். இந்த வாதத்தை மதரஸாவில் நாம் பாடமாக நடத்தும்போது, பகலுணவுக்குப் பின் வரும் பாடமாதலால் மாணவர் பாதிப்பேர் கண்ணயர்ந்துவிடுவர். பாழ்நிலம் எனக் கேட்டதும் இது நமக்கு எதற்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது போலும்.

கல் நட்டு எல்லை குறித்துவிட்டு, உழாமலே நிலத்தை அடைத்து வைத்திருப்பவனுக்கு மூன்றாண்டுதான் தவணை. அதன்பின் அவனுக்கு உரிமையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். இது வெறும் அறிவிப்பாக நின்றுவிடவில்லை. பிலால் பின் ஹாரிஸ் அல்முஸனி (ரலி) என்ற தோழருக்கு, அகீக் பள்ளத்தாக்கை நபி (ஸல்) அவர்களே வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அவரை அழைத்து, உம்மால் பயிரிட முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாரும் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் கொடுத்ததை விடமாட்டேன் என்றார் அவர். கலீபா விடவில்லை, பயிரிட இயலாத பகுதியை எடுத்து மற்றவர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நபித்தோழருக்கு, நபியவர்களே வழங்கிய நிலம்! கொடையின் நோக்கம் நிலம் பயிராவது. நோக்கம் நிறைவேறாத இடத்தில் கொடையும் நிற்காது என்பதே அவர்கள் கண்ட சட்டம்.

வரியில் அமைந்த சலுகையை நம் வீட்டுப் பெண்டிரும் அறிவர். மழையாலும் ஓடும் நீராலும் தானே விளையும் பயிருக்கு உஷ்ர் பத்தில் ஒன்று. ஏற்றம் இறைத்து விளைவிப்பதற்கு இருபதில் ஒன்று. நிலத்துக்காகச் செலவழித்தவனுக்கு வரியில் சரிபாதி தள்ளுபடி என்பதைத் தவிர இதற்கு வேறு பொருளில்லை. கராஜ் பூமியைப் பற்றி ஹனபீ நூல்களில் உள்ள விதியும் இதனோடு ஒத்தது. வெள்ளம் மூடினாலோ, நீர் வரத்து நின்றாலோ, பயிரைப் பிணி முற்றாக அழித்தாலோ கராஜ் இல்லை. நிலத்துக்குரியவன் தானே அதைச் சும்மா போட்டு வைத்தால் கராஜ் உண்டு. ஒரே விதியில் ஆறுதலும் அச்சமும் உள்ளன.

இருபது இலட்சம் திர்ஹம் கடன்

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் கருநிலம் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல், சில நூல்களின்படி பன்னிரண்டு கோடிக்கு மேல், திர்ஹம் ஈட்டியது. நூல்தோறும் எண்கள் வேறுபடுகின்றன. ஆகவே இவற்றைக் கணக்கரின் பேரேடாகக் கொள்ளாமல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியாகக் கொள்வது நலம். ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் ஆட்சியில் இந்த வருவாய் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கு வீழ்ந்தது என்று இப்னு குர்தாத்பிஹ் எழுதுகிறார். ஹஜ்ஜாஜ் கி.பி. 694 முதல் 714 வரை இராக்கை ஆண்டவர். இஸ்லாத்தைத் தழுவிய குடியானவர்கள் கிராமத்தை விட்டு நகரங்களில் குடியேறினர். வரிக்காக அவர்களை மீண்டும் கிராமத்துக்கே விரட்டினார் அவர். உழுபவன் ஓடினால் நிலம் ஓடாது. ஆனால் நிலம் நிலமாகவும் இராது.

ஹஜ்ஜாஜ் கொடியவர்தாம், மதியற்றவர் அல்லர். கையிருப்புக் கரைவதைக் கண்டதும், அந்த ஒரு கோடியே எண்பது இலட்சத்திலிருந்தே இருபது இலட்சத்தை எடுத்து உழவருக்குக் கடனாகக் கொடுத்தார். உழவு மாடு குறைகிறது என்று மாடறுப்பதையும் தடை செய்தார். ஒரு புலவர் அதைக் கேலி செய்து பாடவும் செய்தார். இந்தத் தடையைப் படிக்கும்போது நம் காலத்துப் பூசல்களை அதன்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஏர் இழுக்க மாடு, அவ்வளவே.

இதே காலத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சியைப் பலாதுரி எழுதி வைத்திருக்கிறார். தென் இராக்கின் சதுப்புப் பகுதியில் கரைகள் உடைந்து வயல்கள் மூழ்கின. அடைக்க முப்பது இலட்சம் திர்ஹம் ஆகும் என்று ஹஜ்ஜாஜ் கலீபா வலீதுக்கு எழுதினார். தொகை பெரிது என்று வலீத் தயங்கினார். அப்போது கலீபாவின் தம்பி மஸ்லமா முன்வந்தார். முப்பது இலட்சத்தையும் நான் செலவிடுகிறேன். உங்கள் நம்பிக்கைக்குரிய ஹஜ்ஜாஜே மேற்பார்வை பார்க்கட்டும். வேலை முடிந்தபின் நீர் தேங்கிக் கிடக்கும் தாழ்ந்த நிலங்களை மட்டும் எனக்குத் தந்தால் போதும் என்றார். கலீபாவும் ஒப்பினார். பார்த்தால், தேங்கிய நீருக்கடியில் கிடந்தவை பல வட்டங்களைச் சேர்ந்த பரந்த நிலங்கள். மஸ்லமா வாய்க்கால் வெட்டினார், குடிகளை வரவழைத்தார், நிலம் செழித்தது. இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. அதன்பின்தான் கதை திரும்புகிறது. சுற்றியிருந்த சிறு நிலக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் நிலத்தை மஸ்லமாவின் பெயரில் எழுதி, அவருடைய நிழலில் ஒதுங்கினர். அரச குடும்பத்தின் பெயர் இருந்தால் வரிக்காரன் மிரட்டமாட்டான் அல்லவா? இதற்கு அரபியில் 'தல்ஜிஆ' என்று பெயர். அடைக்கலம் புகுதல் என்று பொருள். இந்தச் சொல்லை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் வருவோம்.

உமர் பின் அப்துல் அஸீஸின் ஆணை

கி.பி. 717-இல் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கலீபாவானார்கள். ஆட்சி இரண்டரை ஆண்டுதான். கூஃபாவின் ஆளுநராக இருந்த அப்துல் ஹமீதுக்கு அவர்கள் எழுதிய ஓலைகளை அபூ யூசுபும் அபூ உபைதும் யஹ்யா பின் ஆதமும் பாதுகாத்துத் தந்திருக்கின்றனர். ஓர் ஓலையில், பாழான நிலத்துக்குச் செழிப்பான நிலத்தின் வரியைச் சுமத்தலாகாது என்றும், பாழ்நிலம் தாங்குவதை மட்டும் பெற்று, அது சீர்படும்வரை அதனைச் செப்பனிட வேண்டும் என்றும் எழுதினார்கள். நவ்ரோஸ், மிஹ்ரஜான் பண்டிகைக் காணிக்கை, நாணயம் அடிக்கும் கூலி, ஓலை எழுதும் கூலி, வீட்டு வாடகை, திருமணக் காசு என வரிக்காரர் வழிநெடுக வாங்கிவந்த சில்லறைகள் அனைத்தையும் ஒரே வீச்சில் விலக்கினார்கள். கடிவாளமில்லாமல் பெருகுவது எப்போதும் இந்தச் சில்லறைதான்.

மற்றோர் ஓலை, எல்லாருக்கும் உரியதைக் கொடுத்தபின்னும் பைத்துல்மாலில் பணம் மிஞ்சியபோது எழுதியது. கடனாளிகளின் கடனைத் தீர்க்கச் சொன்னார்கள், பின்னும் மிஞ்சியது. மணம் முடிக்க வசதியற்ற இளைஞருக்கு மணம் முடித்துவைக்கச் சொன்னார்கள், பின்னும் மிஞ்சியது. அப்போது, நிலம் இருந்தும் உழ வலுவில்லாத, வரி செலுத்தும் முஸ்லிமல்லாத குடிகளுக்குக் கடன் கொடுக்கச் சொன்னார்கள். ஓராண்டு ஈராண்டுக்காக அவர்கள் நமக்கு வேண்டியவர்கள் அல்லர் என்ற கருத்தையும் சேர்த்து எழுதினார்கள். கருவூலத்தின் பணம் நிலத்தை நம்பி நீண்ட காலக் கணக்கில் இறக்கப்படுவதை இதனினும் தெளிவாகக் கூறிய ஆட்சியாளரை நாம் படித்ததில்லை.

அரசுக்குச் சொந்தமான நிலங்களைப் பற்றி அவர்கள் இட்ட ஆணை இன்னும் வியப்பானது. முதலில் பாதி வாரத்துக்குக் கொடுத்துப் பார். எவரும் எடுக்காவிடில் மூன்றில் ஒன்றுக்குக் கொடு. அதற்கும் ஆளில்லையேல் இன்னும் குறைத்துப் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கு. அதற்கும் எவரும் முன்வராவிட்டால் இலவசமாகக் கொடு. இலவசமாகவும் வாங்க ஆளில்லையேல் பைத்துல்மாலிலிருந்து செலவிட்டு நீயே பயிரேற்று. உன் பொறுப்பில் ஒரு நிலமும் பாழ்கிடக்க விடாதே. இதுதான் ஆணையின் சாரம். ஏலத்தில் விலை ஏறுவதைக் கேட்டிருக்கிறோம். அரசு தன் பங்கைத் தானே படிப்படியாக இறக்கிக்கொண்டு செல்லும் ஏலம் இது. சலுகையின் அளவை அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்யாமல், உழுபவன் எந்த இடத்தில் சரி என்கிறானோ அந்த இடத்தில் நிறுத்துகிற முறை. கலப்பையைக் கையில் எடுப்பவனே இங்கு சலுகைக்கு உரியவன்.

அவர்களுடைய காலத்தில் கருநிலத்தின் வருவாய் பன்னிரண்டு கோடியைத் தாண்டிற்று என்று அதே இப்னு குர்தாத்பிஹ் எழுதுகிறார். இரண்டரை ஆண்டில் இத்தனை உயர்வு நம்பத் தக்கதா என்று ஐயுறுவோர் ஐயுறலாம். நாமும் எண்ணைச் சற்றுத் தள்ளியே வைக்கிறோம். கடுமையால் குறைந்தது இரக்கத்தால் மீண்டது என்று பிற்காலக் கணக்கர்களே நம்பினார்கள் என்பது மட்டும் உறுதி.

காதி எழுதிய கிதாப்

ஹாரூன் ரஷீதின் தலைமைக் காதி அபூ யூசுப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' எழுதியபோது நிலைமை மாறியிருந்தது. உமர் (ரலி) அவர்களின் நாளில் பெரும்பகுதி விளைநிலமாகவும் சிறுபகுதி பாழாகவும் இருந்தது. தம் நாளில் பாழே மிகுதி என்று அவர் கூறுகிறார். நூறாண்டாகப் பாழ்கிடக்கும் நிலத்தையும் சேர்த்துப் பழைய பரப்புக் கணக்கில் வரி கேட்டால் குடிகள் ஓடிப்போவார்கள். தானியத்தின் விலையோ ஓராண்டு ஏறும், ஓராண்டு இறங்கும். நிலையான தொகை விதித்தால் ஒருபுறம் அரசுக்கோ மறுபுறம் குடிக்கோ நட்டம். ஆகவே விளைச்சலில் பங்கு பெறுவதே நேர்மை என்றார். ஆற்றுநீர் தானே பாயும் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரண்டு. ஏற்றம் இறைத்து விளைவிப்பதற்குப் பத்தில் மூன்று. பேரீச்சை, திராட்சை, தோட்டப் பயிர்களுக்கு மூன்றில் ஒன்று. கோடைப் பயிருக்கு நான்கில் ஒன்று. உஷ்ரில் கண்ட அதே நியாயம் கராஜிலும் வருவதைக் கவனிக்கலாம்.

கரை உடைப்புகளையும் மதகுகளையும் சீர்படுத்தும் செலவு பைத்துல்மாலைச் சேர்ந்தது. தத்தம் வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு வாய்க்கால் குடிகளின் பொறுப்பு என்று பிரித்துக் காட்டினார். வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதை அவர் கண்டித்த கண்டிப்பு கடுமையானது. குத்தகைக்காரன் தன் இலாபம் சரியாக இருந்தால் குடிகள் அழிவதைப் பொருட்படுத்தமாட்டான். அவன் கேட்பதைக் கொடுத்துக் கொடுத்து அவர்கள் நிலத்தை விட்டே போய்விடுவர் என்று கலீபாவுக்கு நேராகவே எழுதினார். சோறு போடும் அரசனுக்கு இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

சலுகை கைமாறிய கதை

இதே நூற்றாண்டுகளில், பஸ்ராவைச் சூழ்ந்த உவர்நிலங்களில் இறந்த நிலத்தை உயிர்ப்பிக்கும் சட்டம் வேறொரு வடிவம் பெற்றது. அரசின் வழங்கலாகப் பெரும் பரப்பைப் பெற்ற செல்வர்கள் அதற்குக் கராஜ் செலுத்துவதில்லை. குறைந்த உஷ்ர் மட்டுமே. சலுகை அவர்களுக்கு. மேற்பரப்பில் படிந்த உப்பை வாரி மலைபோல் குவித்து, அடியிலுள்ள மண்ணை வெளிக்கொணரும் வேலையோ, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸன்ஜ் அடிமைகளுக்கு. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூட்டங் கூட்டமாக அவர்களை அமர்த்தினர். மாவும் பேரீச்சம்பழமுமே உணவு. உழைப்பவனுக்கே நிலம் என்று தொடங்கிய நீதி, உழைக்க ஆள் வைத்திருப்பவனுக்கே நிலம் என்று ஆயிற்று. கி.பி. 869-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பதினான்கு ஆண்டுகள், 883 வரை, அப்பாஸியப் படைகளால் அடக்க முடியாத தீயாக அது எரிந்தது, பஸ்ரா சூறையாடப்பட்டது. கிளர்ச்சியாளர் செய்த கொடுமைகளும் சிறியவையல்ல. எனினும், அந்த உப்புக் குவியல்களின் அடியில்தான் அதன் வேர் இருந்தது என்பதைத் தபரியைப் படிப்பவர் காணாமலிருக்க முடியாது.

வடக்கே, தல்ஜிஆ என்ற அடைக்கலம் ஊர் ஊராகப் பரவிற்று. சலுகையும் செல்வாக்கும் உள்ளவனின் பெயரில் தன் வயலை எழுதிய சிறுகுடி, ஒரு தலைமுறை கழித்து அந்த வயலிலேயே குத்தகையாளனாக நின்றான். ஏட்டில் பெயர் யாருடையதோ நிலமும் அவனுடையது.

பிறகு புவைஹிகள் வந்தனர். கி.பி. 945-இல் பாக்தாதைப் பிடித்த முஇஸ்ஸுத் தவ்லா, படைவீரர்க்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல், நிலங்களையே அவர்களுக்கு இக்தாவாகப் பிரித்துக் கொடுத்தார். விளைவை மிஸ்கவைஹி விவரிக்கிறார். தம் இக்தாவில் கிடைத்ததைக் கறந்தெடுத்து, நிலம் பாழானதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல நிலமாக வேறொன்றைக் கேட்டுப் பெற்றனர் வீரர்கள். வாய்க்காலைத் தூர்வார எவருக்கும் மனமில்லை. அடுத்த ஆண்டு அந்த வயல் யாருடையதோ! ஓராண்டு ஈராண்டுக்காக அன்று என உமர் பின் அப்துல் அஸீஸ் எழுதியதற்கு நேர் எதிரான ஏற்பாடு இது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. முதலில் கூறிய அமெரிக்கச் சட்டங்களையே எடுத்துக்கொள்வோம். நியூஜெர்சி மாநிலத்தின் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு 500 டாலருக்கு விளைபொருள் விற்றால் உழவருக்குரிய வரிச் சலுகை கிடைத்தது. மாளிகைவாசிகள் விறகும் வைக்கோலும் விற்றுச் சலுகை பெற்றனர் என்று அந்நாட்டிலேயே நெடுங்காலம் முறையீடு இருந்தது. பின்னால் அந்த 500 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. புளோரிடாவில், வீடுகட்ட வாங்கிப் போட்ட நிலத்தில் நாலு மாட்டை மேயவிட்டு, கட்டடம் எழும்பும் நாள்வரை உழவர் வரியே கட்டிவந்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் பத்தாண்டு ஒப்பந்தம் இருந்ததால் இத்தகைய சூது சற்றுக் கடினம். ஆயினும் அங்கே வேறொரு குறை. சலுகையால் மாவட்டங்களுக்கு ஏற்பட்ட வரி இழப்பை மாநில அரசு 1970-களிலிருந்து ஈடுகட்டி வந்தது. 2009-இல் கருவூலம் வறண்டபோது அந்த ஈட்டுத்தொகை அநேகமாக நின்றுபோயிற்று. சுமை மாவட்டங்களின் தலையில் விழுந்தது. முப்பது இலட்சம் பெரிது என்று வலீத் தயங்கியதைப் போன்றதே இதுவும்.

மூன்றாண்டுத் தவணையும், அகீக் பள்ளத்தாக்கில் நடந்த மீட்பும், ஏட்டில் பெயரைப் பார்த்து அமையவில்லை. நிலத்தை நேரில் பார்த்து அமைந்தவை. அமெரிக்கர் பத்தாண்டு ஒப்பந்தத்தால் அடைய முயல்வதும் அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. வரிச்சலுகைக்கு விண்ணப்பிப்பவன் நிலத்தை உழுகிறானா, உழுபவனுக்கு அதில் பங்கு போய்ச் சேர்கிறதா, அடுத்த பத்தாண்டு அங்கே இருப்பானா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கொடுத்த இடங்களில் நிலம் பிழைத்திருக்கிறது.

கருநிலத்தின் முடிவைச் சொல்லி நிறுத்துவோம். பாக்தாதுக்குக் கிழக்கே திஜ்லாவின் நீரைப் பிரித்துக்கொண்டு சென்றது நஹ்ரவான் கால்வாய். ஸாஸானியர் வெட்டி, அப்பாஸியர் பெருக்கிய பேராறு போன்ற கால்வாய் அது. கி.பி. 937-இல், தம்மை எதிர்த்து வந்த பஜ்கம் என்னும் தளபதியின் வழியை மறிக்க, இப்னு ராயிக் என்ற அமீர் அதன் கரையை வெட்டிவிட்டார். போர்க்களத்தில் ஒரு நாளைய தந்திரம். பஜ்கம் தடுக்கப்படவும் இல்லை. உடைத்த கரையைக் கட்டுவார் இன்றி அப்பகுதி நெடுநாள் நீரிழந்து கிடந்தது; பிற்பாடு சரிசெய்தும் பழைய நிலை திரும்பவில்லை. வண்டல் ஏறியதும், உப்பு ஏறியதும், ஆற்றின் போக்கு மாறியதும் சேர்ந்தே அதனைக் கொன்றன என்பர் ஆய்வாளர். ஆயின் வண்டலை வாரவும் கரையைப் பூசவும் ஊரில் குடிகள் இருந்தவரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் 1957-58-இல் தியாலா ஆற்றுச் சமவெளியில் கால்நடையாகவும் வான்படங்களைக் கொண்டும் ஆராய்ந்து, கைவிடப்பட்ட ஊர்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். அவருடைய நூல் 1965-இல், கலிபோர்னியாவின் சட்டம் பிறந்த அதே ஆண்டில், வெளிவந்தது. நஹ்ரவானின் வறண்ட படுகையும், தூர்வாரிக் கொட்டிய மண்மேடுகளும் வான்படங்களில் இன்றும் நீண்ட வரிகளாகத் தெரிகின்றன. இரு கரைகளுக்கும் அப்பால் மண்ணின் நிறம் வெளிறியிருக்கிறது.